பள்ளி வாத்தியக் குழு: பெற்றோரும் பிள்ளைகளும் என்னிடம் கேட்கும் கேள்விகள்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் 22 வருடமாக இசை ஆசிரியையாக இருக்கிறேன். வயலின், புல்லாங்குழல், மிருதங்கம், தபலா, கீபோர்டு என்று பதினைந்து இருபது பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கும் ஒரு குழு எங்களுக்கு உண்டு. வீட்டில் தமிழ், கடைவீதியில் பாதி மலையாளம் என்று வளர்கிற பிள்ளைகள். ஜூனில் பள்ளி திறந்ததும் வருகிற சந்தேகங்கள் வருடா வருடம் அதேதான். வகுப்பு வாசலில் நின்று அவசரமாகச் சொல்கிற பதில் எனக்கே போதவில்லை. அதனால் அவரவர் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி, பதிலையும் சேர்த்து வைக்கிறேன்.

டீச்சருங்க, ஆர்கெஸ்ட்ரான்னா கல்யாண வீட்டுல சினிமாப் பாட்டு பாடறவங்க தானுங்களே?

நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு அப்படித்தான் பொருள். அதுவும் நல்ல தொழில்தான். ஆனால் பள்ளிக் குழுவில் பாடகர் கிடையாது. பல வாத்தியங்கள் சேர்ந்து, முன்பே பிரித்து எழுதிய பகுதிகளை வாசிப்பார்கள். வயலின் ஒரு வரி எடுக்கும், குழல் அதற்குப் பதில் சொல்லும், கீபோர்டு கீழே தாங்கிப் பிடிக்கும், மிருதங்கம் நடத்திக்கொண்டு போகும். கேரளப் பள்ளிப் பிள்ளைகளுக்கான கலைப் போட்டி விழாவான கலோத்ஸவத்தில் இதற்கு விருந்தவாத்யம் என்று பெயர்.

நம் சங்கீதத்துக்கு இது ஒட்டாத விஷயமும் இல்லை. 1952-ல் டில்லி வானொலியில் வாத்ய விருந்தா என்ற குழு தொடங்கியபோது, பண்டிட் ரவிசங்கரும் நம் பக்கத்து வயலின் வித்வான் டி.கே. ஜெயராம ஐயரும் அதை நடத்தினார்கள். ராகத்தைக் கெடுக்காமல் எப்படிக் கூட்டமாக வாசிப்பது என்ற கேள்வியோடு பெரியவர்களே உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

அஞ்சாவது படிக்கற புள்ளைக்கு வயலின் கையில நிக்குமா?

நிற்கும். முழு வயலின் என்றால் நிற்காது. முக்கால், அரை என்று சின்ன அளவுகளில் வயலின் வருகிறது. கையை நீட்டி வயலினின் தலைப்பக்கத்தை உள்ளங்கையில் பிடிக்கும்போது முழங்கை கொஞ்சம் மடங்கி இருக்க வேண்டும். விறைத்து நீண்டால் அந்த அளவு பெரிது. "வளர்ற புள்ளைதானே, பெருசாவே வாங்கிடலாம்" என்று சட்டைக்குச் செய்கிற மாதிரி இதற்குச் செய்யாதீர்கள். விரல் எட்டாத பிள்ளை தோளைத் தூக்கும். தூக்கிய தோளைக் கீழே இறக்க எனக்கு ஒரு வருடம் பிடிக்கும்.

சேரும்போதே சொந்தமா வாங்கோணுங்களா?

வேண்டாம். முதல் வருடம் பள்ளியில் இருப்பதை மாற்றி மாற்றி வாசிக்கலாம். பிள்ளை தானாகவே "இன்னிக்கு வயலினை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா" என்று நாலைந்து முறை கேட்ட பிறகு வாங்குங்கள். வாங்கும்போது என்னையோ, வாசிக்கத் தெரிந்த யாரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆறு மாசமா ஸரிகமவே வாசிக்கறான். எப்பத்தான் பாட்டு வரும்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிற ஏக்கம் எனக்குப் புரிகிறது. வீட்டில் விருந்தாளி வந்தால் ஒரு பாட்டு வாசித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வில்லை நேராக இழுக்கவே இரண்டு மூன்று மாதம் ஆகும். சரளி வரிசை, ஜண்டை வரிசை எல்லாம் விரலுக்குப் பாதை போட்டுக் கொடுப்பவை. பாதை விழாமல் பாட்டுக்குப் போனால், பாட்டு வரும், சுருதி வராது.

இருந்தாலும் நான் பிள்ளைகளை வெறும் வரிசையிலேயே வைத்திருப்பதில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரப் பாடல்கள் இருக்கின்றன. வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்யம், அதாவது பாட்டு வரிகள், எழுதியவை. எல்லாம் சங்கராபரண சுரங்கள், சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் இல்லாத நேர்நடை. அதில் 'ச்யாமளே மீனாக்ஷி' என்ற பாடலின் மெட்டு, எல்.கே.ஜி. பிள்ளை பாடுகிற 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டேதான். ஸஸ பப தத பா. வயலினில் ஸ-வும் ப-வும் விரல் வைக்காத திறந்த தந்தி, த-வுக்கு ஒரே ஒரு விரல். முதல் வரி வாசித்து முடித்ததும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். "டீச்சர், இது எனக்குத் தெரிஞ்ச பாட்டு!" என்று சொல்லிக்கொண்டே அடுத்த வரிக்கு விரலைத் தேடும்.

வயலின் வெள்ளைக்காரங்க வாத்தியம். நம்ம புள்ளைங்களுக்கு எதுக்குங்க?

நம்மிடம் வந்து இருநூறு வருடம் ஆகிவிட்டது. தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஒரு ஐரோப்பியரிடம் மூன்று வருடம் வயலின் கற்று, நம் சங்கீதத்தை அதில் வாசிக்க முடியும் என்று காட்டினார். பிற்பாடு அவர் எட்டயபுரம் சமஸ்தான வித்வான். தஞ்சை நால்வர் என்ற இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலு அதைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார். சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ல் அவருக்குத் தந்தத்தில் செய்த வயலினைப் பரிசாகக் கொடுத்தார். தமிழ் நாட்டில் வேர்விட்டு மலையாள நாட்டு அரசவையில் உட்கார்ந்த வாத்தியம் அது. எல்லையில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியம் எது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பாட்டு வாத்தியார் கீழ உட்கார்ந்து வாசிக்கச் சொல்றார், நீங்க நாற்காலியில உட்காரச் சொல்றீங்க. எது சரி?

இரண்டும் சரி. கச்சேரி முறையில் தரையில் உட்கார்ந்து, வயலினின் தலைப்பக்கத்தை வலது பாதத்தில் ஊன்றிக்கொள்கிறோம். வயலின் அசையாது, இடது கை கமகத்துக்குத் தாராளமாக வழுக்கி ஏறி இறங்கும். குழுவிலோ பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும், என் கையையும் பார்க்க வேண்டும், பத்து வில்லும் ஒன்றாக மேலே போய் ஒன்றாகக் கீழே வர வேண்டும். அதற்கு நாற்காலி வசதி. வீட்டில் வாத்தியார் சொன்னபடி உட்காரட்டும், குழுவில் என் சொல்படி உட்காரட்டும். பிள்ளைகள் இரண்டு மொழியை மாற்றிப் பேசுகிற மாதிரி இதையும் மாற்றிக்கொள்வார்கள். குழம்புவது பெரியவர்கள்தான்.

வெவ்வேற வாத்தியம், வெவ்வேற கட்டை. எல்லாத்தையும் எப்படீங்க ஒரே சுருதியில சேர்க்கறீங்க?

இதைக் கேட்டவர் ஒரு ஹார்மோனியக்காரர், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மேற்கத்திய முறையில் வயலினின் நாலு தந்தியும் ஜி, டி, ஏ, இ. நம் முறையில் ஸ, ப, ஸ, ப. ஒரே குழுவில் இரண்டு விதமாகப் படித்த பிள்ளைகள் இருப்பார்கள். பல வருடம் தடுமாறிய பிறகு நான் ஐந்து கட்டையில் நின்றேன். கட்டை என்பது ஸ எந்த உயரத்தில் நிற்கிறது என்பதன் அளவு. ஐந்து கட்டை என்றால் ஸ-வும் ஜி-யும் ஒன்று. அப்போது ஸ, ப, ஸ, ப என்பது ஜி, டி, ஜி, டி ஆகிறது. கீழ் இரண்டு தந்தியைத் தொடவே வேண்டாம். மேல் இரண்டை ஒரு முழுச் சுரம் இறக்கினால் போதும். இறக்குவதால் தந்தி அறாது. ஆறு கட்டைக்கு ஏற்றிப் பார்த்த காலத்தில் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி தந்தி அறுந்தது.

ஐந்து கட்டைப் புல்லாங்குழல் எளிதாகக் கிடைக்கும். மிருதங்கமும் அதற்கேற்றதாக வைத்திருக்கிறோம். மேற்கத்திய முறையில் படித்த பிள்ளைக்கு மேல் இரண்டு தந்தியில் விரல் இடம் மாறும். ஒரு வாரம் முணுமுணுப்பு இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

பள்ளிக்கூடத்துல நல்லா இருந்த மிருதங்கம் மேடையில ஏன் மந்தமாச்சு? பராமரிப்பு சரியில்லையா?

காற்றைக் கவனியுங்கள். ஆனி, ஆடியில் ஈரக்காற்றைத் தோல் குடித்துத் தளர்ந்துவிடும், சுருதி இறங்கும். அதே ஈரத்தில் வயலினின் பிருடை, அதாவது தந்தியை முறுக்குகிற மர முளை, ஊதிப்போய் திருக வராது. மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக உலர்ந்த கிழக்குக் காற்று அடிக்கும்போது எல்லாம் தலைகீழ். தோல் விறைக்கும், பிருடை சுருங்கி நழுவும். மாநிலக் கலோத்ஸவம் பெரும்பாலும் ஜனவரியில்தான் வருகிறது. அந்த மாதம் என் பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். நழுவுகிற பிருடையை உருவி, மரத்தோடு மரம் உரசுகிற இடத்தில் சாக்பீஸைத் தேய்த்து உள்ளே தள்ளித் திருகினால் நின்றுவிடும்.

மிருதங்கத்துக்கு நமக்கு ஒரு பாக்கியம், பெருவெம்பு பக்கத்தில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மிருதங்கம், செண்டை, மத்தளம் செய்கிறவர்கள் இருக்கும் ஊர். வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போகிறேன். வலந்தலையில், அதாவது மிருதங்கத்தின் வலது பக்கத் தோலில், கரணை என்ற கருப்பு வட்டம் இடுவதைப் போன வருடம் பார்த்தார்கள். கருப்புப் பசையை ஒரு துளி வைத்து, வழவழப்பான கல்லால் தேய்த்து, காய்ந்ததும் இன்னொரு துளி. மறுபடி தேய்ப்பு. ஒவ்வொரு அடுக்குக்கும் அவர் விரலால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். திரும்பி வந்த பிறகு மிருதங்கத்தின் மேல் புத்தகப் பையை வைக்கிற பழக்கம் ஒரே நாளில் போயிற்று.

எங்க பேரனைக் கடைசி வரிசையில போட்டு ஒரே சுரத்தை இழுக்கச் சொல்றீங்களாமே? அவனுக்கு வராதுன்னா சொல்லிடுங்க.

ஒரு பாட்டி கேட்டது. குரலில் வருத்தம் இருந்தது. அம்மா, அவனுக்கு வராது என்பதால் அங்கே வைக்கவில்லை. அந்த இடத்துக்கு நான் தேடித்தான் ஆள் போடுகிறேன். நாலு நிமிடம் ஸ-வும் ப-வும் மட்டும் இழுக்க வேண்டும். வில் மேலிருந்து கீழே திரும்புகிற இடம் கேட்பவர் காதில் விழக் கூடாது. சத்தம் கூடக் கூடாது, குறையவும் கூடாது. அவசரக்காரப் பிள்ளையால் அது முடியாது.

சில வருடத்துக்கு முன் ஒரு போட்டி மேடையில் எங்கள் முறை நடக்கும்போது கரண்ட் போய்விட்டது. கீபோர்டு நின்றது, சுருதிப் பெட்டி நின்றது, மைக் நின்றது. நான் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன், ஒன்றும் செய்ய முடியாது. முன் வரிசைப் பிள்ளைகள் கண்ணில் பயம் தெரிந்தது. பின்னால் எட்டாவது படிக்கிற பையன் ஒருவன் ஸ-ப இழுத்துக்கொண்டே இருந்தான். வில்லை நிறுத்தவில்லை. அதுவரை சுருதிப் பெட்டிக்கு அடியில் கேட்காமல் கிடந்த அந்த இரண்டு தந்தி திடீரென்று மண்டபம் முழுக்கக் கேட்டது. குழல் வாசித்த பெண் அதைப் பிடித்துக்கொண்டாள், மிருதங்கம் சேர்ந்தது, வரி முடிவதற்குள் எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள். கரண்ட் வந்தபோது சுருதி இம்மி நகரவில்லை. அன்றிலிருந்து கடைசி வரிசைக்கு யாரை வைப்பது என்றுதான் நான் முதலில் யோசிப்பேன்.

மேடையில தப்பு வந்தா நடுவுல நிறுத்தி மறுபடி ஆரம்பிக்கலாமா?

கூடாது. அதற்குத்தான் ஒத்திகையில் நாங்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். முதல் இரண்டு வாரம் தப்பு வந்தால் நிறுத்தித் திருத்துவோம். அப்புறம் என்ன நடந்தாலும் நிறுத்துவதில்லை. நானே வேண்டுமென்று யாராவது ஒருவரிடம் போய், "நீ இந்த வரியை விட்டுவிடு" என்று காதில் சொல்வேன். மற்றவர்கள் கலங்காமல் போக வேண்டும், விட்டவர் அடுத்த ஆவர்த்தனத்தின் சமத்தில், அதாவது அடுத்த தாளச் சுற்றின் முதல் அடியில், வந்து சேர வேண்டும். தப்பு செய்யாத குழு என்று ஒன்று இல்லை. எங்கே சேர்வது என்று தெரிந்தால் போதும். மேலே சொன்ன கரண்ட் கதையில் பிள்ளைகளைக் காப்பாற்றியதும் இந்தப் பழக்கம்தான்.

கலோத்ஸவத்துல எல்லாம் மலையாளம். தமிழ் மீடியம் புள்ளைங்களுக்கு மார்க் குறையுமா?

வாத்தியத்துக்கு மொழி கிடையாது, இது நம் பிள்ளைகளுக்குப் பெரிய வசதி. அறிவிப்பு மலையாளத்தில் இருக்கும், அதைப் புரிந்துகொள்ளாத பிள்ளை நம் பக்கம் இல்லை. தமிழில் பேச்சு, செய்யுள் ஒப்புவித்தல் போன்ற போட்டிகளும் கலோத்ஸவத்தில் உண்டு. வயலினில் கீழை முறை, மேற்கத்திய முறை இரண்டுக்கும் தனித்தனிப் போட்டி. பிள்ளை எந்த முறையில் படிக்கிறதோ அதில் பெயர் கொடுங்கள்.

ஏ கிரேடு வாங்கினா கிரேஸ் மார்க் கிடைக்குமாமே, அதுக்காகச் சேர்க்கலாமா?

அதற்காக மட்டும் சேர்க்காதீர்கள். 1957-ல் எறணாகுளத்தில் தொடங்கிய கலோத்ஸவம் இன்று பள்ளி, உபஜில்லா, ஜில்லா, மாநிலம் என்று நாலு படி. பரீட்சையில் கூடுதலாகச் சேர்க்கிற இந்த கிரேஸ் மார்க்கின் விதி அவ்வப்போது மாறுகிறது, அந்தந்த வருடத்து அரசாணையைப் பார்க்க வேண்டும். முதலிடம் வாங்கும் ஜில்லாவுக்கு 117.5 பவுன் தங்கக் கோப்பை என்பதால் பெரியவர்களுக்கும் வேகம் ஏறிவிடுகிறது. தீர்ப்பை எதிர்த்து அப்பீல் போகச் சொல்லி என்னை வற்புறுத்திய பெற்றோர் உண்டு. நான் போனதில்லை. பிள்ளைகள் முன்னால் நடுவரைத் திட்டாதீர்கள், இது ஒன்றை நான் கண்டிப்பாகவே கேட்டுக்கொள்கிறேன்.

ஒரே குருகிட்டதான் படிக்கோணும், ஆளை மாத்தினா வித்தை வராதுங்கறாங்களே?

குருபக்தி வேண்டும். ஆனால் மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரையே பாருங்கள். முதலில் சாத்தபுரம் சுப்பையர், பிறகு கல்பாத்தி விஸ்வநாத ஐயர், அப்புறம் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயர். எம்.எஸ். விஸ்வநாதன் நமக்கு இதோ பக்கத்தில் எலப்புள்ளியில் 1928-ல் பிறந்தவர். கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் படித்து 13 வயதில் மேடை ஏறினார். சினிமாவுக்குப் போன பிறகும் மூத்த இசையமைப்பாளர்களின் குழுவில் வேலை செய்துதான் வாத்தியங்களை எங்கே, எப்படி வைப்பது என்று கற்றார்.

என் கதையும் அப்படித்தான். எங்கள் தெருவில் ஒரு நாகஸ்வரக்காரர் இருந்தார். நான் பால் வாங்கப் போகும்போது வாய்க்கால் வரப்பில் கூடவே நடந்து, தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வரச் சொல்வார். நடை தப்பினால் திரும்ப மதகிலிருந்து. எனக்குத் தாளம் கால் வழியாகத்தான் ஏறியது. பிறகு ஊர் தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்திய ஒரு பெரியவர் ஹார்மோனியம் முன்னால் உட்காரவைத்து மேற்கத்திய இசைக்குறிப்பு படிக்கச் சொல்லிக்கொடுத்தார். நான் கோயில் வீட்டுப் பெண். அவர் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. "பக்கத்துல வாசிக்கறவன் உன் காதுல விழோணும். விழலைன்னா நீ சத்தமா வாசிக்கறேன்னு அர்த்தம்" என்பார். இன்றைக்கும் ஒத்திகையில் நான் அதிகமாகச் சொல்கிற வாக்கியம் அதுதான். இரண்டு பேரும் இப்போது இல்லை. கல்லூரியில் எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் குழு நடத்துவதற்கு நான் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் இந்த இருவரிடமிருந்து.

பத்தாவது வந்துட்டான். ஒரு வருஷம் நிறுத்திட்டு அப்புறம் தொடரட்டுங்களா?

நிறுத்திவிட்டுத் திரும்பி வந்த பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். விரல் நுனியில் காய்த்த தோல் சில வாரத்திலேயே போய்விடும். திரும்ப வரும்போது வலிக்கும், பழைய சத்தமும் வராது, வெட்கப்பட்டு விட்டுவிடுவார்கள். அதனால் நான் சொல்வது இது: போட்டி வேண்டாம், புதுப் பாட்டு வேண்டாம். தினம் கால் மணி நேரம், திறந்த தந்தியும், வர்ணம் என்கிற பயிற்சிப் பாட்டு ஒன்றும். மேலே சொன்ன கடைசி வரிசை ஸ-ப இடத்தில் பத்தாவது பிள்ளைகளை வைப்பதும் உண்டு. தனியாகப் பயிற்சி செய்ய நேரமில்லாவிட்டாலும் குழுவில் அவர்களுக்கு ஓர் இடம் இருக்கும்.

என் மக உங்களை மாதிரி மியூசிக் டீச்சர் ஆகோணுங்கறா. நல்ல வேலைங்களா?

நல்ல வேலை, லேசான வேலை இல்லை. காலையில் மணி அடிப்பதற்கு முன் ஒன்பது வயலினுக்கு சுருதி சேர்க்க வேண்டும். பரீட்சை மாதத்தில் கணக்கு டீச்சர் என் வகுப்பைக் கேட்பார், கொடுக்க வேண்டியிருக்கும். சுதந்திர தினம், ஆண்டு விழா, மந்திரி வருகை எல்லாவற்றுக்கும் முதலில் தேடுகிற ஆள் நான்தான். பணியிடங்கள் குறைவு, நிரந்தரமாகக் கிடைக்கப் பல வருடம் காத்திருந்தவர்கள் உண்டு. இதை மறைக்காமல் மகளிடம் சொல்லுங்கள்.

படிக்க இடம் இருக்கிறது. பாலக்காட்டில் செம்பை வைத்தியநாத பாகவதர் பெயரில் அரசு இசைக் கல்லூரி, திருவனந்தபுரத்தில் 1939-ல் தொடங்கிய சுவாதித் திருநாள் கல்லூரி, அந்தப் பக்கம் கோவையில் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி. சேர்வதற்கு முன் அவளை ஒரு மாதம் சனிக்கிழமை காலை எட்டரைக்கு என் வகுப்புக்கு அனுப்புங்கள். சின்னப் பிள்ளைகளின் வயலினுக்கு சுருதி சேர்த்துக் கொடுக்கட்டும். எனக்கும் இன்னொரு காது கூட இருந்தால் உதவிதான்.